பட்டினி கிடந்தவனுக்குத் தொப்பை

கொழுந்தனுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஒரு வார்த்தை கூடாதாம் அண்ணி. தையல் பிரிஞ்சிடுமாம். நேத்து காய்கறிக்காரர்கிட்ட இதை விளக்கிச் சொல்றதுக்கே அரை மணி நேரம் ஆச்சு."

"ம்" என்றாள் அண்ணி.

மாடியில் ஒற்றை அறை. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, வாசலில் 'துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை. துப்பறிவது அவள். உதவியாளன் அவள் கணவனின் தம்பி. அவன் அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வருகிறவர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். போன வருடம் பிடிபட்ட சைக்கிள் திருடன்கூட, "போயிட்டு வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினான்.

கதவு தட்டப்பட்டது. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர் நின்றார். கையில் கார் சாவி. உட்காரச் சொன்னதும் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"உங்க தம்பிதான் விலாசம் கொடுத்தாரு. பல் டாக்டரோட டிரைவர் நான்."

"வாயில பஞ்சோட கொடுத்தேன்" என்றான் கொழுந்தன் பெருமையாக. "விளம்பரம்னா அப்படி இருக்கணும்."

"சொல்லுங்க" என்றாள் அண்ணி.

"சாயங்காலம் ஆறு மணிக்கு சாவியைக் கொடுத்துடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேலை போனா வீடும் போகும். அவர் வீட்டுப் பின்பக்கத்து ரூம்லதான் நானும் வீட்டுக்காரியும் இருக்கோம். அவளுக்கு இன்னும் சொல்லல."

"என்ன தப்பு பண்ணீங்களாம்?"

டிரைவர் சாவியைப் பார்த்தார். "பேட்டரியைக் குடிச்சிட்டேனாம்."

"எத்தனை லிட்டர்?" என்றான் கொழுந்தன்.

அண்ணி அவனைப் பார்த்தாள். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நோயாளி ஆனான்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாக டாக்டரின் கார், திரையில் 'பேட்டரி குறைவு' என்று எழுதிக் காட்டுகிறது. பிறகு அதுவே பாட்டை நிறுத்துகிறது, ஃபேனை நிறுத்துகிறது. கிளினிக் வாசலில் காத்திருக்கும் நேரத்தில் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபேனும் பாட்டும் போட்டுக்கொண்டு உள்ளே தூங்குகிறார் என்பது டாக்டரின் முடிவு.

"தூங்குவீங்களா?"

"அண்ணி, ஓட்டாத நேரத்துல அந்த வண்டிக்குள்ள நான் உட்கார்ந்ததே இல்ல. எதிர்க்கடைப் படியிலதான் உட்காருவேன். ஓட்டும்போது மட்டும்தான் அது என் சீட்டு. மத்த நேரம் அவர் சீட்டு."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "டாக்டரம்மாவோட தம்பி. மெக்கானிக். அவருக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தனை என் இடத்துல வைக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காரு."

"மச்சான்!" கொழுந்தன் மேசையைத் தட்டினான். "கேஸ் முடிஞ்சது அண்ணி."

"வண்டி எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி செருப்பை மாட்டினாள். அந்த மெக்கானிக்கின் நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.

கிளினிக்கின் பின்புறம் ஒரு சிமென்ட் முற்றம். சுவரோரம் பல் அச்சு எடுக்கும் மாவு மூட்டைகள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்ப்ரெஸர் விட்டு விட்டு உறுமியது. உறுமும்போதெல்லாம் கொழுந்தன் தன் தாடையைத் தடவிக்கொண்டான்.

டிரைவர் பானெட்டைத் திறந்தார். அண்ணி குனிந்து பேட்டரியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தம்பி, இது எப்படி இருக்கு?"

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். பேட்டரியின் பக்கவாட்டு மெலிதாகப் புடைத்திருந்தது.

"என் கன்னம் மாதிரி இருக்கு. பிடுங்கிடலாம் அண்ணி. ஊசி போட்டுட்டா வலிக்காது."

"வண்டி என்ன சொல்லுது?"

"பேட்டரி பட்டினியா கிடக்குன்னு சொல்லுது."

"பட்டினி கிடந்தவனுக்குத் தொப்பை எப்படி வந்துச்சு?"

கொழுந்தன் தன் தொப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"யாராவது இதைக் குடிச்சிருந்தா இது வத்திப் போயிருக்கணும்" என்றாள் அண்ணி. "இது வத்தல. ஊதியிருக்கு. அளவுக்கு மேல ஊட்டினா பேட்டரி இப்படித்தான் சூடாகி ஊதும். இதைப் பட்டினி போட்டவங்க யாரும் இல்ல. திணிச்சவங்கதான் இருக்காங்க."

டிரைவருக்கு எல்லாம் புரியவில்லை. ஆனால் சாவியைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. தோளில் கருவிப் பையோடு இறங்கியவர் மெக்கானிக். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போன்ல விசாரணைன்னு கூப்பிட்டீங்க. நானும் டிவில பார்த்திருக்கேன். இப்ப என் கையைக் கட்டணுமா?"

"கை கட்டினா மீட்டரை யார் பிடிக்கிறது?" என்றாள் அண்ணி. "பேட்டரி காலின்னு வண்டிக்குச் சொல்றது யாரு?"

"இவன்தான்." மெக்கானிக் விரலை நீட்டினார். பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து ஒரு தடித்த ஒயர் பின்னால், இன்ஜினுக்கும் சீட்டுகளுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவர்ப்பக்கம் போனது. அதைச் சுற்றி வளையல்போல ஒரு கருப்பு வளையம். "கரண்ட் சென்சார். வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்னு வச்சுக்கங்க. பேட்டரிக்குள்ள எவ்வளவு கரண்ட் போகுது, வெளிய எவ்வளவு வருதுன்னு எண்ணிச் சொல்லும். அந்தக் கணக்கை வச்சுத்தான் வண்டி பேட்டரிக்குச் சாப்பாடு போடும்."

"இது பழசா?"

"புதுசு. போன மாசம் பழசு செத்துப் போச்சு, ஸ்டியரிங்குக்கு முன்னாடி எச்சரிக்கை லைட் எரிஞ்சுது. புதுசு ஒண்ணு வாங்கிட்டுப் போய் அத்தான்கிட்ட காட்டினேன். 'இத்துனூண்டு வளையம், இதுக்கு ஒரு மெக்கானிக்கா'ன்னாரு. 'அத்தான், இது பல்லு இல்ல, ஆ காட்டுன்னா காட்டாது'ன்னேன். கோச்சுக்கிட்டு வளையத்தைப் பிடுங்கிட்டுப் போயிட்டாரு. வேற இடத்துல மாட்டியாச்சுன்னு அக்கா மூலமா சேதி வந்துச்சு. அதுலேர்ந்து எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல."

"நான் லீவு முடிஞ்சு வந்தப்ப லைட் அணைஞ்சிருந்துச்சு" என்றார் டிரைவர், சுவரைப் பார்த்து. "நீங்கதான் மாட்டினீங்கன்னு நினைச்சேன்."

"நான் தொடவே இல்ல."

சென்சார் சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மெக்கானிக் வண்டியில் மாட்டினார். சின்னத் திரையில் எண்கள் ஓடின. அண்ணி ஹெட்லைட்டைப் போடச் சொன்னாள்.

விளக்கு எரிந்தது. திரையில் கூட்டல் பதினொன்று.

"கூட்டல்னா?"

"பேட்டரிக்குள்ள கரண்ட் போகுதுன்னு அர்த்தம்." மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அது எப்படிப் போகும்? இன்ஜினே ஓடலையே."

"ஹெட்லைட் போட்டா பேட்டரி நிறையுது!" கொழுந்தன் துள்ளினான். "அண்ணி, வீட்டுல எல்லா லைட்டையும் போட்டு வைப்போம். மாசக் கடைசியில கரண்ட் ஆபீஸ்காரன் நமக்குப் பணம் கொடுக்கணும்."

"இப்ப இன்ஜின்."

இன்ஜின் ஓடியது. எண் கழித்தலுக்குப் போய், கீழே கீழே இறங்கியது. இன்ஜின் ஓடினால் பேட்டரி நிறைய வேண்டும். காலியாகிறது என்றது திரை.

"அணைச்சிடுங்க. சென்சார் அண்டப்புளுகன்" என்றான் கொழுந்தன். "கேஸ் முடிஞ்சது."

"மீட்டரைப் போடுங்க" என்றாள் அண்ணி.

மெக்கானிக் நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் இருந்த மீட்டரை எடுத்து ஒயரைக் கவ்வ வைத்தார். மறுபடி ஹெட்லைட். மீட்டரும் பதினொன்று காட்டியது. ஆனால் வெளியே போகும் பதினொன்று.

அண்ணி முதல் முறையாகச் சிரித்தாள்.

"புளுகன் எண்ணையும் சேர்த்துத்தான் மாத்துவான். பதினொண்ணை ஏழும்பான், இருபதும்பான். இவன் பதினொண்ணைப் பதினொண்ணுன்னுதான் சொல்றான். எண்ணுறது சரி. நிக்கிறதுதான் திரும்பி நிக்கிறான். உள்ள போறவங்களை வெளிய போறாங்கன்னு நினைச்சு எண்ணுறான்."

"அட!" என்றார் மெக்கானிக். "வளையத்தைத் தலைகீழா மாட்டியிருக்கு! உள்ள போட்டதெல்லாம் வெளிய போச்சுன்னு வண்டி நினைச்சிருக்கு. ஐயோ காலி ஆகுதேன்னு மேல மேல ஊட்டியிருக்கு."

"எங்க அம்மா மாதிரி" என்றான் கொழுந்தன். "இளைச்சிட்டேன் இளைச்சிட்டேன்னே என்னை இந்த கதிக்கு ஆளாக்கினாங்க."

"மாட்டுறவங்களுக்குத் திசை எப்படித் தெரியும்?"

"வளையத்துல ஒரு அம்புக்குறி இருக்கும். அது பேட்டரியைப் பார்த்து நிக்கணும். ஆனா அது அடிப்பக்கம், சுவரை ஒட்டி இருக்கு. நாங்க பேட்டரி உட்கார்ந்திருக்கிற தட்டையே கழட்டிட்டுத்தான் பார்ப்போம்."

தட்டின் போல்ட்டுகளில் பழைய தூசி அப்படியே இருந்தது. யாரும் கழற்றவில்லை. அண்ணி அதைப் பார்த்துவிட்டு, வளையத்திலிருந்து வரும் மெல்லிய ஒயரைப் பார்த்தாள். அது அலையாமல் இருக்க, வெள்ளை நூலால் கட்டப்பட்டிருந்தது.

"இது உங்க கட்டா?"

"நூலா? எங்க கடையில பிளாஸ்டிக் பட்டைதான்."

கொழுந்தன் மூக்கை நீட்டினான். "அண்ணி, புதினா வாசனை. இந்த இன்ஜின் காலையில பல் தேய்ச்சிருக்கு."

அண்ணி முகர்ந்தாள். உண்மைதான். மெழுகு பூசிய, புதினா மணக்கும் நூல்.

"பல் இடுக்குல விட்டு இழுக்கிற நூல்" என்றான் கொழுந்தன். "டாக்டர் எனக்கும் ஒரு டப்பா கொடுத்தாரு."

"எனக்கும் கொடுப்பாரு" என்று டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்தார்.

மெக்கானிக் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

கொழுந்தனின் குரலில் உற்சாகம் இல்லை. "கேஸ் முடிஞ்..."

டிரைவர் பின்பக்கம் திரும்பினார். மறுபடி முகத்தைக் காட்டியபோது கன்னம் உள்ளே போயிருந்தது. உள்ளங்கையில் மேல் வரிசையும் கீழ் வரிசையுமாக இரண்டு பல் செட்.

"டாக்ஷர் கட்டிக் கொஷுத்தது" என்றார். பிறகு செட்டை மாட்டிக்கொண்டு தெளிவாகச் சொன்னார். "எனக்கு இடுக்கே கிடையாது தம்பி. வேணாம்னா அவர் மனசு சங்கடப்படும்னு வாங்கி வச்சுக்குவேன். டப்பாவைப் பாருங்க, ஒட்டின காகிதம்கூடப் பிரிக்கல."

பிரிக்கவில்லை.

அண்ணி நூலின் முடிச்சை உற்றுப் பார்த்தாள். முதல் சுற்று இரண்டு முறுக்கு. அதன்மேல் ஒரு முறுக்கு எதிர்ப்பக்கமாக. நுனிகள் இரண்டும் ஒரே அளவில் வெட்டியிருந்தன. பொட்டலம் கட்டுகிறவர்கள் இப்படிக் கட்டுவதில்லை.

"தம்பி, வாயைத் திற."

"பேசக் கூடாதுன்னு சொன்னதே டாக்டர்..."

"பேச வேணாம். திற. நல்லா ஆ."

அவள் செல்போன் வெளிச்சத்தை அவன் கடைவாயில் அடித்தாள். பல் போன பள்ளத்தின்மேல் ஒரு தையல். இரண்டு முறுக்கு, எதிர்ப்பக்கமாக ஒன்று, ஒரே அளவில் வெட்டிய நுனிகள்.

"என்னா தெழியுது?" என்றான் கொழுந்தன் வாயை மூடாமல்.

"உன் வாயால இன்னிக்குத்தான் ஒரு பிரயோஜனம்." அவள் நூலை அறுத்து முடிச்சோடு கைக்குட்டையில் வைத்தாள். "மணி என்ன?"

ஆறாகக் கொஞ்ச நேரம் இருந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். குள்ளமான மனிதர். நெற்றியில் விளக்கு, தாடைக்குக் கீழே இறக்கிவிட்ட முகமூடி. நால்வரும் உள்ளே வந்ததும் முதலில் கொழுந்தனைத்தான் பார்த்தார்.

"பேசினீங்களா?"

"இல்லவே இல்ல டாக்டர். ரெண்டு நாளா மௌனம். அதைப் பத்தி விவரமா..."

"டிரைவர், சாவி கொண்டு வந்தியா?" டாக்டர் கையை நீட்டினார். அப்போதுதான் மெக்கானிக்கைப் பார்த்தார். கையை மடக்கிக்கொண்டார். "இவர் எதுக்கு?"

"சாட்சிக்கு" என்றாள் அண்ணி. கைக்குட்டையைப் பிரித்துக் கருவித் தட்டில் வைத்தாள். "இந்த முடிச்சைப் பத்தி உங்க அபிப்பிராயம் வேணும்."

டாக்டர் குனிந்தார். முகம் மலர்ந்தது.

"சர்ஜன் போடுற முடிச்சு. முதல் சுத்துல ரெண்டு முறுக்கு, பாருங்க. இழுத்தாலும் வழுக்காது. நுனி வெட்டியிருக்கிற நேர்த்தியைப் பாருங்க. பிரமாதமான கை. யாரு போட்டது?"

நூலிலிருந்து புதினா மணம் வந்தது. டாக்டர் மெல்ல நிமிர்ந்தார்.

"சரி. நான்தான் போட்டேன்" என்றார். "டிரைவர் லீவுல போன அன்னிக்கு. வேர்ல இருக்கிற நரம்பைத் தேடி எடுக்கிறவன் நான். ஒரு வளையத்தை மாட்டத் தெரியாதா? மாட்டினதும் லைட் அணைஞ்சுது. அதுக்கும் இவன் பேட்டரியைக் காலி பண்ணினதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அம்புக்குறி பார்த்து மாட்டினீங்களா?"

"பின்னே? பேட்டரியைப் பார்த்து இருக்கணும்னு கூட வந்த காகிதத்துல போட்டிருந்தது. முன்னாடி நின்னேன். பேட்டரி என் பக்கம், வளையம் அதுக்குப் பின்னாடி. அம்பு என்னைப் பார்த்து நின்னுது. கண்ணால பார்த்தேன்."

"தட்டைக் கழட்டாம எப்படிப் பார்த்தீங்க?"

டாக்டர் பெருமையாகத் தட்டிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். நீளக் காம்பின் நுனியில் சின்ன வட்டக் கண்ணாடி. "கடைவாய்ப் பல்லோட பின்பக்கத்தையே இதுல பார்க்கிறேன். இது எம்மாத்திரம்? சுவர்ப்பக்கம் விட்டேன், தெரிஞ்சுது."

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி கையமர்த்தினாள்.

"டாக்டர், குற்றவாளி யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தக் கண்ணாடியே சொல்லும். அதை முகத்துக்கு நேரா பிடிங்க. உள்ள இருக்கிறவரை நோக்கி விரலை நீட்டுங்க."

டாக்டர் சந்தேகத்தோடு பிடித்தார். நீட்டினார்.

"நீங்க எந்தப் பக்கம் காட்டுறீங்க?"

"அந்தப் பக்கம்."

"உள்ள இருக்கிறவர்?"

கண்ணாடிக்குள் ஒரு குட்டி டாக்டர், குட்டி விரலை நீட்டி, பெரிய டாக்டரையே காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னை" என்றார் டாக்டர்.

அவர் கை அப்படியே நின்றது. காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து.

"அம்பு உங்களைப் பார்த்து நின்னது கண்ணாடியில" என்றாள் அண்ணி. "நிஜத்துல அது சுவரைப் பார்த்துத்தான் நின்னுது. அன்னிலேர்ந்து உள்ள போற கரண்டை வெளிய போகுதுன்னு அது எண்ணிட்டிருக்கு. பேட்டரி காலியாகவே இல்ல டாக்டர். உங்க டிரைவர் எதையும் குடிக்கல."

டாக்டர் நோயாளி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அது புது இடம்.

"வாய்க்குள்ள எனக்கு இது தப்பவே தப்பாது" என்றார் மெதுவாக. "கண்ணாடியில பார்த்ததைக் கை தானா திருப்பிக்கும். நான் யோசிக்கிறதே இல்ல. வண்டின்னதும் பயந்துபோய் யோசிச்சு மாட்டினேன்."

"அதான் அத்தான் தப்பாயிடுச்சு" என்றார் மெக்கானிக். குரலில் கேலி பாதிதான் இருந்தது. "வாங்க, திருப்பிடலாம். ஊதின பேட்டரியையும் மாத்தணும். ஸ்கூட்டர்ல வேற ஒண்ணு இருக்கு."

"மச்சான்" என்றார் டாக்டர். அந்த வார்த்தையை அவர் சொல்லி ஒரு மாதம் ஆகியிருக்கும். "பிளாஸ்டிக் பட்டையே போட்டுடு."

முற்றத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது. தட்டு கழன்றது, வளையம் திரும்பியது, புதுப் பேட்டரி உட்கார்ந்தது. ஹெட்லைட்டைப் போட்டார்கள். கழித்தல் பதினொன்று. மெக்கானிக்கும் டிரைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் இடத்துக்கு ஒரு பையன்..." என்று ஆரம்பித்தார் டிரைவர்.

"அவன் கப்பல்ல வேலைக்குப் போயிட்டான் பெரியவரே. போய் மூணு மாசம் ஆச்சு."

கொழுந்தன் எதற்கும் சிரிக்காமல் ஓரமாக நின்றான். அண்ணியின் பக்கம் நகர்ந்து காதோடு கேட்டான்.

"அண்ணி, எனக்கு வலிச்சது இடதா, வலதா?"

"ஏன்?"

"என் பல்லையும் அந்தக் கண்ணாடியில பார்த்துத்தான் பிடுங்கினாரு."

"அதை யோசிக்காம பிடுங்கியிருப்பேன். பயப்படாதீங்க" என்றார் டாக்டர் பின்னாலிருந்து. கொழுந்தன் பயந்தான்.

டிரைவர் டாக்டரின் முன்னால் வந்து நின்றார். ஆறு மணி தாண்டிவிட்டது. டாக்டர் சொல்லியிருந்தபடி அவர் சாவியை நீட்டினார்.

டாக்டர் அதை வாங்கவில்லை. நீட்டிய கையை மூடி, அதன்மேல் தன் கையை வைத்தார். என்னவோ சொல்ல முயன்றார். வரவில்லை. தினமும் மற்றவர்களை வாயைத் திறக்க வைக்கிறவர் அவர்.

"இன்னும் ஒரு பேஷண்ட் இருக்காங்க" என்றார் கடைசியில். "அரை மணி ஆகும். அந்தக் கடைப் படியில போய் உட்காராதீங்க. வண்டிக்குள்ள உட்காருங்க. ஃபேன் போட்டுக்கங்க. பாட்டும்."

"இன்ஜின் ஓடலையே ஐயா. பேட்டரி..."

"குடிங்க" என்றார் டாக்டர். "எவ்வளவு வேணும்னாலும் குடிங்க."

டிரைவர் கதவைத் திறந்தார். சீட்டை ஒருமுறை கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். ஃபேன் சுழன்றது. பாட்டை மட்டும் யாருக்கும் கேட்காத அளவுக்கு வைத்தார்.

கழற்றாமல் விட்டிருந்த ஸ்கேனரில் எண் கழித்தலுக்குப் போனது. யாரும் கவலைப்படவில்லை. இந்த முறை அது உண்மை.